பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தாயிற்று, 140 கிரெடிட்டை எப்படி முடிப்பது?

கல்லூரி திறந்த முதல் வாரம் எல்லாரும் டைம் டேபிளைத்தான் போனில் படம் எடுக்கிறார்கள். அது ஆறு மாதத்தில் மாறிவிடும். மூன்று வருடமும் கூடவே வரப்போகிற தாள் வேறொன்று: நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய பாடத்திட்டமும் அதன் முன்பக்கத்தில் இருக்கும் ஒழுங்குமுறை விதிகளும். அதை டிபார்ட்மென்டில் கேட்டு வாங்குங்கள், அல்லது கல்லூரி இணையதளத்தில் இறக்கி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சேர்ந்த ஆண்டு" என்பதுதான் இதில் முக்கியம். இரண்டு வருடம் முன்னால் சேர்ந்த அண்ணன் கொடுக்கும் தாளில் பேப்பர் கோடு வேறாக இருக்கலாம், சில சமயம் பேப்பரே வேறாக இருக்கும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதுக்கும் பட்டம் கொடுப்பது சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002இல் அது வருவதற்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆனால் பட்டம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பதால் கேள்வித்தாளும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், சாய்நாதபுரம் டி.கே.எம்., மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். தன்னாட்சி என்றால் பாடத்திட்டம், தேர்வு, திருத்தம் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். மற்ற கல்லூரிகளில் பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும். உங்கள் கல்லூரி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொண்டால், பழைய கேள்வித்தாளை எங்கே தேடுவது, மறுமதிப்பீட்டுக்கு யாரிடம் போவது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதல் வேலை: கிரெடிட்டை எண்ணுங்கள்

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் 2023-24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பி.எஸ்சி. கணிதத்துக்கு ஆறு செமஸ்டரில் மொத்தம் 140 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு தாளில் பாஸ் ஆனால் கணக்கில் சேரும் புள்ளி. தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒன்றிரண்டு எண்கள் இடம் மாறியிருக்கும், எலும்புக்கூடு இதேதான்.

பகுதி ஒன்று மொழி. தமிழ், அல்லது கல்லூரியைப் பொறுத்து உருது, அரபி, இந்தி என ஏதாவது ஒன்று. நான்கு செமஸ்டர், தலா 3 கிரெடிட், ஆக 12. பகுதி இரண்டு ஆங்கிலம், அதுவும் 12. பகுதி மூன்றுதான் நாம் தேடி வந்த இடம். முதல் நான்கு செமஸ்டரில் எட்டு முதன்மைத் தாள், தலா 5 கிரெடிட். கடைசி இரண்டு செமஸ்டரில் ப்ராஜெக்டும் சேர்த்து ஏழு, தலா 4. கூட்டினால் 40 + 28 = 68. இதோடு விருப்பப் பாடங்கள் எட்டு, தலா 3, ஆக 24. இதுவரை 116.

மீதி 24 கிரெடிட் எங்கே? திறன் மேம்பாட்டுத் தாள்கள், முதல் செமஸ்டரின் அடித்தளப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, இன்டர்ன்ஷிப், பகுதி ஐந்தில் வரும் விரிவாக்கப் பணி. எல்லாம் 1, 2 கிரெடிட் சில்லறைகள். பட்டம் தள்ளிப்போகிறவர்களில் பலரை இழுத்துப் பிடிப்பது ரியல் அனாலிசிஸ் இல்லை, இந்தச் சில்லறைதான். சுற்றுச்சூழல் தாளைத் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டுவது, இன்டர்ன்ஷிப் சான்றிதழைக் கொடுக்க மறப்பது, என்.எஸ்.எஸ். வருகைப் பதிவில் கையெழுத்து விட்டுப்போவது. 139 கிரெடிட் வைத்திருப்பவருக்கும் பட்டம் இல்லை. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 140ஐயும் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பிறகு அடித்துக்கொண்டே வாருங்கள்.

உருதோ அரபியோ பகுதி ஒன்றாக எடுப்பவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நிறைய. பள்ளியில் தமிழே படிக்காமல் வந்திருந்தால் அடிப்படைத் தமிழ் என்று தனியாக ஒரு தாள் விதியில் இருக்கிறதா என்று முதல் செமஸ்டரிலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் தலைவலி.

பாஸ் என்றால் என்ன

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். இன்டர்னல் (அகமதிப்பீடு) 25, செமஸ்டர் தேர்வு 75. பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: எழுத்துத் தேர்வில் 75க்கு 30, மொத்தத்தில் 100க்கு 40. இன்டர்னலில் 22 வாங்கி, தேர்வில் 28 எடுத்தவர் கூட்டுத்தொகை 50. ஆனால் ஃபெயில். தேர்வில் சரியாக 30 எடுத்து இன்டர்னலில் 8 வைத்திருப்பவரும் ஃபெயில், ஏனென்றால் கூட்டினால் 38. இன்டர்னல் 15 இருந்தால் மொத்தத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும், அவ்வளவுதான். தேர்வறையில் அது காப்பாற்றாது.

கேள்வித்தாளில் வழக்கமாக மூன்று பகுதி. பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண் (இது அல்லது அது), ஐந்தில் மூன்று பத்து மதிப்பெண். 20 + 25 + 30. ஐந்து யூனிட்டிலிருந்தும் கேள்வி வரும் என்பதால் "மூன்று யூனிட் போதும்" என்று படிப்பவருக்கு இரண்டு மதிப்பெண் பகுதியில் நான்கு கேள்வியும் ஐந்து மதிப்பெண் பகுதியில் இரண்டு கேள்வியும் கையை விட்டுப் போகும். அது 18 மதிப்பெண். ஐந்து யூனிட்டின் வரையறைகளையும் தேற்றக் கூற்றுகளையும் எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றில் மட்டும் ஆழம் போவது நல்ல பேரம்.

வருகைப் பதிவு 75 சதவீதம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும், விடுப்புக்கு 22 நாள்தான் மிச்சம். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்று, கட்டணம் என்று விலக்கு கேட்கலாம். அதற்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஜோலார்பேட்டையிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ ரயிலில் வருகிறவர்கள் முதல் மணி நேரம் தாமதமானால் அரை நாள் போகும் கல்லூரிகள் உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரப்புள்ளியில் (மதிப்பெண்ணை 10ஆல் வகுத்து எடுக்கும் சராசரி) கிரெடிட் எடையாக நிற்கும். இரண்டு தாள் மட்டும் எடுத்துப் பாருங்கள். 5 கிரெடிட் கால்குலஸில் 52, 2 கிரெடிட் திறன் தாளில் 90 என்றால்: 5 × 5.2 = 26, 2 × 9 = 18, கூட்டி 7ஆல் வகுத்தால் 6.29. இதையே திருப்பிப் போட்டு கால்குலஸில் 90, திறன் தாளில் 52 எடுத்தால் 7.91. சராசரி மதிப்பெண் இரண்டிலும் 71தான். நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

எந்தத் தாள் எதன் மேல் நிற்கிறது

பாடத்திட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் இருக்காது. நீங்களே அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

முதல் செமஸ்டரில் இயற்கணிதமும் முக்கோணவியலும், வகை நுண்கணிதம். இரண்டாவதில் இருபரிமாண, முப்பரிமாணப் பகுமுறை வடிவியல், தொகை நுண்கணிதம். மூன்றாவதில் வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள். நான்காவதில் பகுப்பாய்வின் அடிப்படைகளும் புள்ளியியல் சார்ந்த ஒரு தாளும். ஐந்தாவதில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், கணித மாதிரியாக்கம், ப்ராஜெக்ட். ஆறாவதில் லீனியர் அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், மெக்கானிக்ஸ்.

வகை நுண்கணிதத்திலிருந்துதான் அதிக அம்புகள் கிளம்பும். பகுதி வகையீடு தடுமாறினால் வெக்டர் கால்குலஸில் கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றும் தடுமாறும். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸில் கோஷி–ரீமான் சமன்பாடுகளும் பகுதி வகையீடுதான். வகைக்கெழுச் சமன்பாட்டில் அரியர் வைத்துக்கொண்டு மெக்கானிக்ஸுக்குப் போனால், மைய விசையில் சுற்றும் பொருளின் பாதையைக் கண்டுபிடிக்கிற இடத்தில் பேனா நின்றுவிடும். இயற்பியல் புரியவில்லை என்று தோன்றும், உண்மையில் தீர்க்கத் தெரியாதது இரண்டாம் வரிசைச் சமன்பாடு.

தொகை நுண்கணிதத்தில் வழக்கமாக மதிப்பெண் போகிற இடம் இரட்டைத் தொகையீட்டில் வரிசை மாற்றுவது. மாணவர்கள் எல்லைகளை அப்படியே இடம் மாற்றி எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் எல்லையில் x மாதிரி ஒரு மாறி இருக்கும்போது அதைத் தூக்கி வெளியே வைத்தால் விடை எண்ணாகவே வராது. படம் வரையாமல் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள்: பகுதியைக் கோடிட்டு, முதலில் நிற்கும் கீற்றை வரைந்து, பிறகு படுக்கும் கீற்றை வரைந்து, அதன் இரு முனையும் எந்த வளைகோட்டில் முட்டுகிறது என்று படித்து எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

முதல் ஆண்டு பிளஸ் டூவை மறுபடி படிப்பதுதானே என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. சமன்பாட்டின் மூலங்கள், தொகையிடும் முறைகள் எல்லாம் பழகின முகங்கள். அந்தத் தைரியத்தில் ஓட்டிவிட்டு ஐந்தாம் செமஸ்டரில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அதுவரை "கண்டுபிடி" என்று இருந்த கேள்வி அங்கே "நிறுவு" என்று மாறிவிடும்.

ஐந்தாம் செமஸ்டருக்கு இப்போதே செய்யும் வேலை

1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்முறையின் எல்லை 0. பிளஸ் டூவில் இதைப் பார்த்தாலே தெரிகிறது என்று விட்டுவிடுவோம். ரியல் அனாலிசிஸில் தெரிகிறது என்பது விடை ஆகாது. யாராவது ஒருவர் எப்சிலான் (எவ்வளவு நெருங்க வேண்டும் என்று சொல்லும் சிறிய எண்) 0.01 என்று கொடுத்தால், 100ஆவது உறுப்புக்குப் பிறகு எல்லா உறுப்பும் 0.01ஐவிடச் சிறியது என்று நாம் காட்ட வேண்டும். 0.001 கொடுத்தால் 1000ஆவதுக்குப் பிறகு. அவர் எவ்வளவு சிறிய எண்ணைக் கொடுத்தாலும் அதற்கேற்ற ஓர் இடத்தை நாம் சொல்ல முடிந்தால் எல்லை 0. மொத்த விஷயமும் இவ்வளவுதான். முதலில் கேட்பது அவர், பிறகு சொல்வது நாம்.

தவறு நடப்பது அந்த வரிசையில். "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஓர் இடம் உண்டு" என்பதும் "ஓரிடம் உண்டு, அது ஒவ்வொரு எப்சிலானுக்கும் பொருந்தும்" என்பதும் தமிழில் கேட்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவதை எழுதினால் ஓரிடத்துக்குப் பிறகு எல்லா உறுப்பும் 0ஆகவே இருக்க வேண்டும் என்றாகிவிடும். தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வித்தியாசமும் இதே இட மாற்றம்தான். வாரம் ஒரு வரையறையை எடுத்து, சொந்த வார்த்தையில் எழுதி, அதன் மறுப்பையும் எழுதிப் பாருங்கள். "இந்தத் தொடர்முறை 0க்குப் போகவில்லை" என்பதை எப்சிலான் வைத்து எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அல்ஜீப்ரா பக்கம் குலம் (குரூப்) என்ற சொல் வரும்போது கடிகாரத்தை நினையுங்கள். 0 முதல் 5 வரை ஆறு எண்கள், கூட்டி 6ஆல் வகுத்த மீதி. இது குலம். இதன் உட்குலங்களில் 0, 3 ஒன்று, 0, 2, 4 இன்னொன்று. அளவு 2, 3. இரண்டுமே 6ஐ மீதியின்றி வகுக்கும், இலக்ராஞ்சியின் தேற்றம் சொல்வது இதைத்தான். இப்போது கூட்டலுக்குப் பதில் பெருக்கல் வைத்து 1 முதல் 5 வரை எடுங்கள். 2 × 3 = 6, மீதி 0, கூடையை விட்டு வெளியே விழுந்துவிட்டது, குலம் இல்லை. 6க்குப் பதில் 5 வைத்து 1 முதல் 4 வரை எடுத்தால் குலம் ஆகிறது. ஏன் என்று ஒரு மாலை யோசித்தால், வளையம், களம் எல்லாம் வரும்போது பயம் இருக்காது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் பொருந்தும் உதாரணம் ஒன்று, நிபந்தனையை எடுத்தால் உடையும் உதாரணம் ஒன்று என்று கையில் வைத்துக்கொள்வதுதான் இந்தத் தாளுக்கு வழி. நிரூபணத்தை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு வரி மறந்த இடத்தில் எல்லாம் மறந்துவிடும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. சார்பு, எல்லை, வகைக்கெழு, அணி என்று படித்த சொற்கள் வகுப்பில் ஃபங்ஷன், லிமிட், டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ் என்று வரும். பயப்பட ஒன்றுமில்லை, மொத்தம் இருநூறு சொல்கூட இருக்காது. நோட்டை நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதி வந்தால் முதல் செமஸ்டருக்குள் பழகிவிடும். தேர்வை எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள் என்பதை மட்டும் சேரும்போதே உறுதி செய்யுங்கள். அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது பொருந்தும்.

விருப்பப் பாடங்கள்

முதல் இரண்டு ஆண்டு இயற்பியல், வேதியியல், புள்ளியியல் போன்றவற்றிலிருந்து கல்லூரி எதை வைத்திருக்கிறதோ அதுதான். விருப்பம் என்று பெயர், தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் டிபார்ட்மென்ட். ஆள் பற்றாக்குறையால் வகுப்புக்கே ஒரே பாடம் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் புள்ளியியலைக் கேளுங்கள், வங்கித் தேர்வுக்கும் முதுநிலைக்கும் உதவும். மூன்றாம் ஆண்டில் எண் கோட்பாடு, கிராஃப் தியரி, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், நியூமரிக்கல் மெத்தட்ஸ், புரோகிராமிங் மாதிரித் தாள்கள் வரும். ஐ.டி. வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் பைத்தானையும் நியூமரிக்கலையும் விடாதீர்கள். எம்.எஸ்சி. என்றால் எண் கோட்பாடு.

அரியர் விழுந்தால்

முதல் விதி: அடுத்த தேர்விலேயே எழுதிவிடுங்கள். செமஸ்டர் தேர்வு நவம்பர் வாக்கில் ஒன்று, ஏப்ரல் வாக்கில் ஒன்று. தள்ளிவைக்கும் ஒவ்வொரு தடவையும் புதுத் தாள்களோடு பழையது மோதும். ஒரே நாளில் காலையில் அரியர், மதியம் நடப்புத் தாள் என்று அட்டவணை வந்து நிற்கும்.

இரண்டாவது: ரிசல்ட் வந்த கையோடு முடிவெடுங்கள். 28, 29 என்று விளிம்பில் நின்றால் விடைத்தாள் நகல் கேட்டுப் பார்ப்பது நல்லது. கூட்டலில் பிழை என்றால் மறுகூட்டல், திருத்தியதில் சந்தேகம் என்றால் மறுமதிப்பீடு. விண்ணப்பிக்க நாட்கள் குறைவு, கட்டணம் திரும்ப வராது. 15 எடுத்தவர் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வதே மேல்.

மூன்றாவது: இன்டர்னல் மதிப்பெண் பெரும்பாலும் பழையதே தொடரும். இன்டர்னலில் 8 வாங்கியவருக்கு 30 போதாது, 32 வேண்டும். சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி) அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு அந்த எண்ணை நோட்டில் எழுதிவைத்துப் படியுங்கள்.

கணிதத்தில் மட்டும் கெட்டிக்காரராக இருந்து மற்றதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. அங்கே அரசுக் கல்லூரியில் இராமானுஜன் உதவித்தொகையை இழந்தது கணிதத்தால் அல்ல, ஆங்கிலத்தால். பிற்பாடு அவருக்கு கேம்பிரிட்ஜ் கிடைத்தது. நமக்குப் பகுதி இரண்டில் 40 எடுப்பதே சுலபமான வழி.

நான்காம் செமஸ்டர் விடுமுறையில் முடிவு செய்ய வேண்டியது

ஆசிரியர் பணி என்றால் பி.எட். இரண்டு ஆண்டு. அரசு ஒதுக்கீட்டில் சேரப் பட்டப் படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்று தகுதி வைத்திருக்கிறார்கள். எல்லாத் தாளிலும் விளிம்பில் பாஸ் ஆனால் பட்டம் கிடைக்கும், பி.எட். கிடைக்காமல் போகலாம்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. என்றால் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 30 கேள்விக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், மற்ற 30க்குக் குறையாது. விண்ணப்பம் ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே, செப்டம்பர் வாக்கில் திறந்துவிடும். தேர்வு பிப்ரவரியில். அதாவது உங்கள் கல்லூரியில் லீனியர் அல்ஜீப்ரா பாதி நடந்துகொண்டிருக்கும்போது அதில் தேர்வு எழுத வேண்டியிருக்கும். நான்காம் செமஸ்டர் விடுமுறையில் லீனியர் அல்ஜீப்ராவை முன்கூட்டியே தொட்டால்தான் நேரம் போதும். சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வு நிறுவும் திறமையையும் பார்ப்பது, அதற்கும் இதே விடுமுறைதான்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் மாதம் 1000 ரூபாய் பெறும் திட்டத்தில் முதல் மாதமே பெயர் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). பணம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததும், பள்ளி எமிஸ் எண்ணில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பெயர் எழுத்து மாறியிருப்பதும்.

கடைசி செமஸ்டர் முடிந்ததும் கல்லூரியை விட்டு வரும்போது வாங்க வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, தமிழ்வழி என்றால் பயிற்றுமொழிச் சான்று. பட்டச் சான்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அறிவிப்பு வரும்வரை கல்லூரி இணையதளத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். தந்தை பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் சரிபாருங்கள். பிறகு திருத்த வேண்டும் என்றால் சேர்க்காட்டுக்குப் பல நடை நடக்க வேண்டிவரும்.